ஏழாவது ரீலும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும்

திரை வெள்ளையாக நின்றது. கொட்டகையில் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த நூற்றுச் சொச்சம் பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல், கையில் மைக்கோடு நின்றிருந்தேன். மைக் லேசாக ஷாக் அடித்துக்கொண்டிருந்தது.

மேலே ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது.

"தம்பி! ஏழாவது டப்பாவுல கப்பலே இல்லபா. வயல்ல உரம் போட்டுக்கினு இருக்கறாங்க!"

மதராஸில் யாரோ டப்பாவை மாற்றி வைத்துவிட்டார்கள். உழவர்களுக்கான விளக்கப் படம் ஒன்று எங்களிடம் வந்துவிட்டது. எங்கள் ரீல் எந்தக் கிராமத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ! பூச்சிமருந்து அடிப்பதைப் பார்க்க வந்தவர்கள், நடுக்கடலில் வெள்ளைக்காரர்கள் கத்தியை உருவுவதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ!

ஆமாம், கலகம் வெடிக்கிற ரீல் அது. அந்த ஒரு ரீலுக்காகத்தான் நான் படத்தையே வரவழைத்திருந்தேன்.

அமாவாசைக்கு வந்த ஆபத்து

எனக்கு அப்போது இருபது வயது. பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். வர்க்கப் போராட்டம் பற்றி இரண்டு சிறு பிரசுரங்களை முழுதாகவும், ஒரு தடித்த புத்தகத்தில் பாதியையும் படித்திருந்தேன். உலகத்தைத் திருத்த அது போதும் என்று நம்பிய வயது. மீதிப் பாதியை இன்றுவரை படிக்கவில்லை; உலகமும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மற்ற ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, பட்டு நெய்கிற எங்கள் தெருக்களுக்கு அமாவாசை அப்படி. அன்று தறியைத் தொடமாட்டார்கள். தறிச் சத்தம் நின்றுவிட்டால், தெருவில் காக்கை கத்துவதுகூடப் புதிதாகக் கேட்கும். நெடுக்கே பாவு, குறுக்கே ஊடை என்று நாள் முழுதும் குனிந்தே இருக்கிற கழுத்துகள் அன்றைக்குத்தான் நிமிரும்.

என் சித்தப்பா ஏகாம்பரம் செங்கல்வராயன் முதலாளியின் தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்தார். பன்னிரண்டு தறிகள். சித்தப்பாதான் அங்கே சங்கம். நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, தோளில் சிவப்புத் துண்டு. இரண்டில் எதையாவது ஒன்றை விட்டுவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஏண்டா, ஒண்ணு மேல இருக்கறவனுக்கு, ஒண்ணு கீழ இருக்கறவனுக்கு. ரெண்டு பேரும் சண்டையா போட்டுக்கறாங்க?" என்றார்.

முகூர்த்த மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி ஒருநாள் கூடத்துக்கு வந்து, பியட் கார்ச் சாவியைச் சுண்டுவிரலில் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"இந்த அமாவாசை போவட்டும், அதுக்கு அடுத்த அமாவாசைக்குத் தறி ஓடணும்பா. கல்யாணப் புடவை. மணப்பொண்ணு அமாவாசை பார்த்துக்கினு காத்திருக்குமா?"

"வழக்கம் இல்லீங்களே மொதலாளி," என்றார் சித்தப்பா.

"வழக்கமா? கன்னியப்பனுக்கு இன்னாய்யா வழக்கம்? அவன் முசரவாக்கத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வர்றவன். அவனை வரச் சொல்லிட்டேன். ஒரு தறி ஓடினா பன்னெண்டும் ஓடும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தறியின் சத்தம் கேட்டால் போதும். வழக்கம் என்ற பேச்சு முடிந்தது. எல்லாம் பன்னிரண்டாவது தறியில் நெய்கிற கன்னியப்பன் என்ற ஒரு மனிதர் அன்றைக்குச் சைக்கிளை எடுப்பாரா மாட்டாரா என்பதில் வந்து நின்றது.

அவரை யாரும் அதுவரை சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

இரண்டு பானைகள்

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்கு இது கண்ணிலேயே படவில்லை. தினம் பார்ப்பது கண்ணில் எங்கே படும்?

கூடத்துக்குள் ஒரு பெரிய பானை, மேலே மூடி, மூடியின் மேல் டம்ளர். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சின்னப் பானை, அதன் மேல் கொட்டாங்குச்சி. பதினோரு பேர் உள்ளே குடிப்பார்கள்; கன்னியப்பன் வெளியே போய்க் குடிப்பார். யார் அப்படி வைத்தது என்று கேட்டால் யாரும் வைக்கவில்லை. பானை அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டுக்கும் கூடம் பங்கு பிரிந்துவிடும். சித்தப்பா கூட்டம் வடக்கு மூலை. நரசிம்முலுவும் அவர் தம்பியும் தெலுங்கில் பேசிக்கொண்டு தெற்கு மூலை. சாயம் போட்ட பட்டைக் கொண்டுவருகிற பாஷா பாய் வாசற்படி. கன்னியப்பன் வேப்பமரம். ஒவ்வொருவர் கையிலும் நான்கு நிறப் பட்டு ஒரே புடவையில் சேரும். சோறுதான் சேராது.

இந்த அழகில், "தொழிலாளர்கள் ஒன்றுபட வேண்டும்" என்று நான் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கப்பல் வந்த கதை

மதராஸில் இரண்டு முறை பார்த்திருந்த பழைய இங்கிலீஷ் படம் அது. கறுப்பு வெள்ளை. ஒரு சரக்குக் கப்பல். பந்தயம் கட்டிக்கொண்டு இன்னொரு கப்பலுக்கு முன்னால் துறைமுகம் சேரத் துடிக்கிற ஒரு கேப்டன். மாலுமிகளில் எல்லா நாட்டுக்காரனும் இருக்கிறான்: வெள்ளைக்காரன், நீக்ரோ சமையல்காரன், சீனாக்காரன், நம் ஊர்க்காரன் ஒருவன். கேப்டன் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஓய்வைப் பிடுங்குகிறான். அவர்கள் பாய்மரத்தில் ஏற மறுக்கிறார்கள்.

படம் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டுவதற்குள் எனக்குத் திட்டம் முழுதும் தயாராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் அமாவாசை. கேப்டனுக்குப் பதில் செங்கல்வராயன். இதைவிடத் தெளிவாக யாரால் படம் எடுக்க முடியும்?

நானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து ஒரு பிலிம் சொசைட்டி ஆரம்பித்தோம். ஐந்து பேரில் மூன்று பேர் தலைவர்கள். டாக்கீஸ் மானேஜர் ஓர் அமாவாசைக் காலையில் கொட்டகையைத் தந்தார். முதலாளி தறி ஓடணும் என்று குறித்திருந்த அமாவாசைக்கு முந்திய அமாவாசை. எல்லோருக்கும் இலவசம். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று மைக்கில் நானே அறிவித்தேன்.

சேர், பெஞ்சு எல்லாம் காலியாகக் கிடந்தன. தறிக்காரர்கள் நேராகத் தரைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

"தோழர்களே, சேரில் உட்காருங்கள்!" என்றேன்.

"அட போபா! தறிக்குழியில குந்தின முதுவு. சேர்ல சாய்ஞ்சா தூக்கம் வந்துடும்," என்றார் ஒருவர்.

பின்னால் இருந்த ஒரே சோபாவில் செங்கல்வராயன் முதலாளி உட்கார்ந்திருந்தார். மானேஜர் அவரை அழைத்திருந்தார். எதிரியே நேரில் வந்து அமர்ந்திருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

சாயக்காரர் கண்

படம் ஓட ஆரம்பித்தது. மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே போவது என் வேலை. மாலுமிகள் பேசுகிற இங்கிலீஷ் பாதிக்குப் பாதி எனக்கும் புரியவில்லை. புரியாத இடங்களில் தடித்த புத்தகத்திலிருந்து போட்டு நிரப்பினேன். கேப்டன் சமையல்காரனிடம் ஏதோ கேட்டால், "உழைப்பவனுக்கு உரிமை ஏது என்கிறான்!" என்று மைக்கில் முழங்கினேன். அவன் காபி கேட்டிருப்பான்.

நான் எதிர்பார்த்த கோபம் தரையில் வரவில்லை. அவர்கள் வேறு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புயலில் பாய் கிழிந்தது. "குறுக்குல கிழியல பாரு. நெடுக்கப் போயிருக்குது. ஊடை நூலே மட்டம்," என்றது ஒரு குரல்.

"கொள்முதல் பண்ணவன் ஏமாந்துட்டான்."

மாலுமி ஒருவன் உட்கார்ந்து பாயைத் தைத்தான். "என்னா தையல்யா இது! இவனையா கப்பல்ல வெச்சிருக்கான்? அந்த கேப்டன் கத்துறதுல தப்பே இல்ல," என்றார் நரசிம்முலு. நான் பதறிப்போய் கேப்டனின் கொடுமைகளை இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன்.

பிறகு நம் ஊர்க்கார மாலுமி திரையில் வந்தான். தலைப்பாகை, வெற்று மார்பு. "இதோ, நம் இந்தியத் தோழர்!" என்றேன். தரை முழுதும் கை தட்டியது. பாஷா பாய் மட்டும் கை தட்டவில்லை. எழுந்து நின்று திரையை உற்றுப் பார்த்தார்.

"அரே தம்பி, அவன் நம்ப ஆளு இல்லே."

"ஏன் பாய்?"

"காது பின்னால பாரு. கழுத்து பாரு. சாயம் ஏறலே. கச்சா சாயம்! நல்லா அலசாம போட்டிருக்கான்."

எல்லோரும் பார்த்தார்கள். மதராஸில் இரண்டு முறை பார்த்த எனக்குத் தெரியாதது, முப்பது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்ட கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் கரி பூசி நிற்கவைத்திருந்தார்கள். அந்த மாலுமிக்குப் படம் முழுவதும் ஒரு வசனமும் கிடையாது என்பதையும் அப்போதுதான் நான் கவனித்தேன்.

"ஆளே கெடைக்கலையா அவங்களுக்கு?" என்று கேட்டார், தரையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன். 

சோபாவில் வேறு விதமான அதிசயம் நடந்துகொண்டிருந்தது. கேப்டன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை ரத்து செய்தபோது செங்கல்வராயன் முதலாளி கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். "பாவம்யா பசங்க! வாரத்துல ஒரு நாளு. அதையும் புடுங்கறானே படுபாவி! உருப்படுவானா இவன்?" என்று பக்கத்திலிருந்த மானேஜரிடம் விம்மினார். மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது.

ஆறாவது ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். ஏழாவது டப்பாவில் உரம்.

கடலில்லாத கப்பல்

"ஏழு இல்லன்னா எட்டைப் போட்டுடட்டுமா?" என்று ஆபரேட்டர் கேட்டார்.

எட்டில் கலகம் முடிந்து கப்பல் கரையில் நிற்கும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் போனால் நான் அவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை.

"வேண்டாம். நான் சொல்கிறேன்," என்றேன்.

வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, விளக்கு வெளிச்சத்தில், நானே ஏழாவது ரீலை ஓட்டினேன். புயல் நான். கேப்டன் நான். அவனை எதிர்த்துக் கேட்கிற மாலுமியும் நான்தான். ஸ்டூல் பாய்மரம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மயக்கம் இருக்கிறதே, அது பொல்லாதது. படத்தில் நிஜமாக இருந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்துபோனது. ஆனால் கூட்டம் இன்னும் வாய் பிளந்தபடி இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

"தோழர்களே! கலகத்துக்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மேல்தளத்தில் ஒரு தண்ணீர்ப் பீப்பாய். ஒரே குவளை. வெள்ளைக்காரன் குடித்துச் சீனாக்காரனிடம் கொடுத்தான். அவன் குடித்து நீக்ரோவிடம் கொடுத்தான். அவன் குடித்து நம் ஆளிடம் கொடுத்தான். அதன் பிறகுதான் கேப்டன் முன்னால் போய் நின்றார்கள். பிரிக்க முடியுமா அவர்களை?"

பலத்த கைதட்டல். சித்தப்பா சிவப்புத் துண்டை எடுத்துச் சுற்றினார்.

கைதட்டல் அடங்கியதும் தரையின் கடைசியில் கன்னியப்பன் எழுந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். எல்லாரும் ஒரே பீப்பாயிலயா குடிச்சாங்க?"

"ஆமாண்ணே! ஒரே பீப்பாய்!" என்றேன் பெருமையாக.

"வாய் வெச்சா?"

"வாய் வைத்துத்தான்!"

"சரி," என்றார். "நம்ம கூடத்துல ரெண்டு பானை இருக்குதே. மொதலாளி முன்னால போயி நிக்கச் சொல்றீங்க. நான் எந்தப் பானையில குடிச்சிட்டு வந்து நிக்கட்டும்?"

 சித்தப்பாவின் கையில் துண்டு பாதிச் சுற்றில் நின்றுவிட்டது.

எட்டாவது ரீலுக்குக்கூடக் காத்திராமல் முதலாளி கிளம்பினார். சோபாவிலிருந்து எழுந்து, "படம் ரொம்ப நல்லா இருந்துதுபா. கண்ணு கலங்கிடுச்சி," என்று என்னைப் பாராட்டினார். வாசலில் நின்று திரும்பி, "அடுத்த அமாவாசை ஞாபகம் இருக்கட்டும். தறி ஓடணும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சித்தப்பாவின் ஒரு கேள்வி

அன்று மதியம் சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"ஏண்டா, நெசமாவே அந்தப் படத்துல அப்பிடித்தான் வருதா?"

"எப்படி?"

"அந்தப் பீப்பாய்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். கன்னியப்பனிடம் போய், "பையன் சும்மா அளந்து உட்டான்பா" என்று முடித்திருப்பார். அமாவாசையும் போயிருக்கும்.

"ஆமாம் சித்தப்பா," என்றேன்.

அவர் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் கூடத்தில் கூட்டம். முதல்முறையாகக் கன்னியப்பனையும் கூப்பிட்டார்கள். வந்து வாசற்படியில் பாஷா பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் ஒண்ணும் மொதலாளிகிட்ட வர்றேன்னு சொல்லலை. வரலைன்னும் சொல்லலை," என்றார். "எனக்கும் அமாவாசைன்னா அமாவாசைதான். எங்கப்பனுக்கும் நான்தானே எள்ளும் தண்ணியும் உடணும்? ஆனா மரத்தடியிலேர்ந்து எனக்கு உங்க சங்கம் தெரியமாட்டேங்குதுண்ணே."

வெளிப் பானையை எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எடுத்தால் அவர் எதில் குடிப்பார் என்றார் இன்னொருவர். உள்பானையில்தான். அப்போது நாம் எதில் குடிப்பது? பேச்சு அங்கேயே சுற்றியது. எட்டு மணி நேரம் குழியில் உட்கார்ந்து ஒரு நூல்கூடத் தப்பாமல் புடவையின் கரையையும் உடலையும் கோத்து நெய்கிற மனிதர்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கோக்கத் தெரியாமல் திணறினார்கள்.

கடைசியில் நரசிம்முலுதான் வழி சொன்னார்.

"ரெண்டு பானையும் வேணாம்பா. கொழாய் வெச்ச டிரம் ஒண்ணு வைப்போம். அவங்கவங்க டம்ளர அவங்கவங்க கொண்டாந்துடலாம். தண்ணி ஒண்ணு. டம்ளர் வேற. யார் கையும் உள்ள போவாது."

எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்! ஒருவரும் தோற்கவில்லை. ஒருவரும் மாறவும் வேண்டியதில்லை. கொள்கைக்கும் பழக்கத்துக்கும் நடுவில் ஒரு பித்தளைக் குழாய்.

எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். 

"டிரம் எங்க வெப்பீங்க?"

"உள்ளதான்," என்றார் சித்தப்பா.

"அப்ப சரி."

ஓடாத தறி

அந்த அமாவாசைக் காலையில் நான் கூடத்து வாசலுக்கு எதிரே நின்றிருந்தேன். பியட் கார் வந்தது. முதலாளி இறங்கினார். கூடம் திறந்து கிடந்தது. பன்னிரண்டு தறிகளின் மேலும் துணி போர்த்தியிருந்தது. சைக்கிள் இல்லை. அவர் பத்து நிமிஷம் முசரவாக்கம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் வந்தபோது, "லீவு விடலாம்னு நானே நினைச்சேன்பா," என்றார். முகூர்த்தப் புடவைகளும் எப்படியோ நேரத்துக்கு முடிந்தன. அடுத்த வாரம் பார்த்தால், அந்தத் தண்ணீர் டிரம்மின் வயிற்றில் சிவப்புப் பெயிண்ட்டில் எழுதியிருந்தது: "உபயம்: செங்கல்வராயன்". கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்துக்குக் குறுக்கே எழுதுவார்களே, அதுபோலத் தண்ணீருக்குக் குறுக்கே. தறிக்காரர்கள் வாங்கிய டிரம் அது. யாரும் அழிக்கவில்லை. அழிக்கப் போனால் பெயிண்ட் தண்ணீரில் விழும் என்றார் நரசிம்முலு.

பல வருஷம் கழித்து மதராஸில் ஒரு பழைய படக் காட்சியில் அந்தக் கப்பலை மறுபடி பார்த்தேன். ஏழாவது ரீலும் சேர்ந்து வந்தது. பீப்பாய் இல்லை, அது எனக்குத் தெரியும். எனக்கு மறந்துபோயிருந்தது வேறொன்று: அந்தக் கரி பூசிய மாலுமி கலகத்தில் சேரவே இல்லை. கலகம் நடக்கிற நேரமெல்லாம் அவன் கேப்டனுக்கு லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

என் ஏழாவது ரீல்தான் நல்ல ரீல் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஆணியில் தொங்கிய டம்ளர்கள்

டிரம்முக்கு மேலே சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்திருந்தார்கள். பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் தொங்கும். ஒவ்வொன்றிலும் கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொடுத்த பெயர்.

ஒரு வெயில் மதியம். சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சரிகை நூல் ஒன்று காலையிலிருந்து அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் தறிமேல் வைத்துவிட்டு, குழியிலிருந்து ஏறி வந்தார். ஆணியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தார். பிடித்தார். வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்தார்.

கூடத்தில் ஒவ்வொரு தறியாக நின்றது. என்னவென்று அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு டம்ளரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். மு. கன்னியப்பன்.

பதினோரு பேரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். கன்னியப்பன் தன் தறிக்குழியிலிருந்தே கேட்டார்:

"இன்னாண்ணே, உப்பு கரிக்குதா?"

 சித்தப்பா டம்ளரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். பிறகு அதே டம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்தார்.

"ஒண்ணும் புரியலபா," என்றார். "இன்னொண்ணு குடிச்சாத்தான் சொல்ல முடியும்."

குடித்தார். முதலில் சிரித்தவர் கன்னியப்பன். தறிகள் ஓட ஆரம்பித்தன.

இதோடு நிறுத்தியிருந்தால் அழகாக இருக்கும். ஆனால் நடந்ததை எழுதுவதாக இந்தப் பத்திரிகைத் தொடரின் முதல் வாரத்திலேயே வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, கிணற்றடிக்குப் போய், தலைக்கு நான்கு வாளி ஊற்றிக்கொண்டார். வெயில் அதிகம் என்றார். வெயிலும் அதிகமாகத்தான் இருந்தது.

அந்தப் பீப்பாயைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி கேட்டதே இல்லை. அந்தக் குளியலைப் பற்றி நானும் அவரிடம் கேட்டதில்லை.